தனியாகவே முடிப்பேன்

ஓரெஸ்ட்டை இன்றைக்கு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் லோர்னா உள்ளே நுழைந்தாள்.

வழக்கம்போல அவன் அங்கேதான் இருந்தான். சுவரோரம் ஒரு முக்காலி. நீட்டிய கால். கைப்பேசியில் பனித்தரையில் கல் தள்ளும் கர்லிங் ஆட்டம். வாயில் சூரியகாந்தி விதை. கடிப்பதும் தோலைக் காகிதக் குவளைக்குள் துப்புவதுமாக இருந்தான்.

லோர்னாவுக்கு மின்பொறியியல் முனைவர் படிப்பில் இது மூன்றாவது குளிர்காலம். மின்கோபுரத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் பனி உறைந்தால் எத்தனை வோல்ட்டில் தீப்பொறி தாவும் என்பதுதான் ஆராய்ச்சி. முதல் இரண்டு குளிர்காலத்து அளவுகளும் குப்பைக்குப் போய்விட்டன.

செப்டம்பரில் பேராசிரியர் ஹார்கிரீவ் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "முதுகலைப் பட்டத்தை வாங்கிக்கிட்டுக் கௌரவமாக் கிளம்பிடு, லோர்னா. முனைவர் பட்டமெல்லாம் உனக்கு ஒத்து வராது" என்றார்.

லோர்னா எழுந்து நின்றாள்.

"வருஷக் கடைசிக்குள்ள எல்லா அளவும் உங்க மேஜையில இருக்கும். யார் தயவும் எனக்கு வேண்டாம். தனியாவே முடிச்சுக் காட்டறேன்."

"பார்க்கலாம்" என்று அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த 'பார்க்கலாம்' இன்னும் அவள் காதில் எரிகிறது.

அன்றிலிருந்து பேய் மாதிரி உழைக்கிறாள். பீங்கானில் தண்ணீர் தெளித்துப் பனியாக்குவதும் அவள்தான், மின்சாரத்தை ஏற்றுவதும் அவள்தான். அறுவடைத் திருநாளுக்கு அம்மா வீட்டு வான்கோழி விருந்துக்குக்கூடப் போகவில்லை.

இப்படி ஒருத்தி மாரடிக்கிற இடத்தில் இவன் ஒரு தடிமாடு. வேறு பேராசிரியரின் மாணவன். எட்டாவது வருஷமாம். ஒரு கம்பியைக்கூடத் தொடுவதில்லை. அவள் வருவதற்கு முன்னாலேயே வந்துவிடுவான், அவள் கிளம்பினால் கிளம்புவான். பட்டம் எப்போது என்று கேட்டால், "ஆகும், ஆகும்" என்பான்.

அவள் மின்சாரத்தை ஏற்றிக் கொஞ்ச நேரம் ஆனதும், இன்றைக்கும் ஆரம்பித்தான்.

"மகாராணி, சாப்பிடப் போகலையா? எனக்குப் பசி உயிர் போகுது."

"பசிச்சாப் போ. உன்னை யாரு கட்டி வெச்சிருக்கா?"

"நீ போனாத்தான் நான் போவேன்."

லோர்னாவுக்குச் சுருக்கென்றது.

"உனக்கு வேற வேலைவெட்டியே கிடையாதா, ஓரெஸ்ட்?"

"இதுதான் வேலை."

"எது? உட்கார்றதா?"

"லேசுன்னு நினைக்கிறியா? முதுகு விட்டுப்போச்சு" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவ்வளவுதான். மின்சாரத்தை அணைத்தாள், கம்பியைத் தரையோடு இணைத்தாள், விறுவிறுவென்று அடுத்த அறைக்குப் போனாள்.

ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர் பெவ் அங்கே பெரிய கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆறிப்போன பெரோகிக் கொழுக்கட்டையை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"பெவ், அந்த ஆளை இனிமே உள்ளே விடாதீங்க. வேலை செய்யறவளுக்கு மரியாதை இல்லாத இடமாப் போச்சு. எனக்கு இன்னும் ரெண்டு பீங்கான்தான் பாக்கி. அதையாவது நிம்மதியா முடிக்க விடுங்க."

பெவ் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடறேன். உனக்கு ரெண்டாவது ஆள் யாரு?"

"என்ன ரெண்டாவது ஆள்?"

"அவ்வளவு வோல்ட் ஏத்தற அறையில ஒருத்தர் தனியா இருக்கக் கூடாது. உனக்குத் தெரியாத விதியா?"

"தெரியும். நான்தான் செப்டம்பர்லயே உங்ககிட்டச் சொன்னேனே. நான் பார்த்துக்கறேன்னீங்க. நீங்கதான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கீங்களே."

"இந்தப் பக்கம் இருந்தா நான் உன்னைப் பார்க்கத்தான் முடியும், பெண்ணே. ஏதாவது ஆனா மின்சாரத்தை அணைச்சு வெளியே இழுக்க முடியாது."

பெவ் முள்கரண்டியால் கண்ணாடியைச் சுட்டிக்காட்டினாள்.

"ரெண்டாவது ஆள் அதே அறையிலதான் இருக்கணும். மின்சாரம் ஓடற வரைக்கும் நகரக் கூடாது, எதையும் தொடக் கூடாது. அதைத்தான் மூணு மாசமா அவன் பண்றான்."

"அவனுக்கு அவன் ஆராய்ச்சி..."

"ஆகஸ்ட்லயே முடிச்சுட்டான். நீ அப்போ ஊர்ல இருந்தே. இப்போ அவன் டாக்டர் ஓரெஸ்ட். வடக்கே நீர்மின் நிலையத்துல வேலை தயாரா இருக்கு. ஜனவரியிலதான் வருவேன்னு சொல்லிட்டான்."

லோர்னா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஓரெஸ்ட் எழுந்து நின்று முதுகை முறுக்கிக்கொண்டிருந்தான். முகம் சுடச்சுட அவள் தலை குனிந்தாள். அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியமே வாங்கிட்டான். நீ ஹார்கிரீவ்கிட்டச் சவால் விட்டப்போ அவன் வெளியே வராந்தாவுலதான் நின்னுக்கிட்டிருந்தானாம்."

"நின்னா என்ன?"

பெவ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"'தனியாவே முடிச்சேன்னு அந்தாள் முகத்துக்கு நேராச் சொல்லணும் அவ. நான் அவளுக்காகத்தான் உட்கார்ந்தேன்னு தெரிஞ்சா, அவ வாயில அந்தப் பொய் வராது'ன்னான்."