வாப்பா பார்க்கும் ஆள்

“அந்த ஆள் இண்டைக்கும் சாப்பிடல்ல மகள்” என்றார் வாப்பா.

இஷாத் தொழுது எங்கள் ஊர் ஆலங்குடா அடங்கும்போதுதான் டொரண்டோவில் மத்தியானம். வாப்பா முதலில் உம்மாவோடு கொஞ்சம் பேசுவார். பிறகு ஃபோன் என் கைக்கு வரும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, முதலில் கேட்பது அந்த ஆளைப் பற்றித்தான்.

அந்த நகரத்துக்குப் புதிதாக வரும் அகதிகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையம் ஒன்றில் வாப்பாவுக்கு வேலை. ரயில் ஏறச் சொல்லிக்கொடுப்பார்களாம், குளிருக்குக் கோட்டு தேடிக் கொடுப்பார்களாம், இங்கிலிஷ் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பார்களாம். கூட வேலை செய்வது சிலாபத்து யூஜினி மிஸ். அங்கே வருகிறவர்களின் முகம் வெளியே போகக் கூடாது என்பதால் வாப்பா வீடியோவில் வருவதில்லை.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் எல்லாம் மணலில் கிடந்த வருடம், வாப்பா தன் படகை விற்றுவிட்டுப் போனார். கடலை விட்டால் ஸியாத்துக்கு வேறென்ன தெரியும் என்று கரையில் வாப்பாவைச் சொல்லிச் சிரித்தார்கள். உம்மா இப்போது கல்யாண வீடுகளில் அதற்குப் பதில் சொல்கிறார்.

“எங்கட மனுசன் அங்க சும்மா இல்ல. அகதி வந்தா அவருதான் பாக்குற.”

வாப்பாவின் கட்டிலில் இப்போது நான்தான் படுக்கிறேன். தலைமாட்டு ஜன்னலை உம்மா வலைநூலால் இறுக்கிக் கட்டிவிட்டார். வாப்பா மாதிரி விடிய முதல் எழும்பி அதைத் திறந்து, காற்று எந்தப் பக்கம் என்று கை நீட்டிப் பார்க்க இனி யார் இருக்கிறார்கள், மணல்தான் உள்ளே வருகிறது என்றார்.

அந்த ஆளும் நம்முடைய ஊர்ப் பக்கத்துக்காரர்தானாம். முதல் பனி கொட்டிய நாள் தெருவைப் பார்த்துவிட்டு, புத்தளத்து உப்பளம் மாதிரிக் கிடக்கிறதே, அள்ள ஒருவரும் வரவில்லையா என்று யூஜினி மிஸ்ஸிடம் கேட்டாராம். அதைச் சொல்லி வாப்பா இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சிரிக்கும்படி ஒன்றும் வரவில்லை. வகுப்பில் அவர் கடைசிக் கதிரையில்தான் இருப்பாராம். வியாழக்கிழமை எல்லோரும் சேர்ந்து சமைக்கும்போது வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, சாப்பாடு வைக்க முதல் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாராம். யூஜினி மிஸ் இடியப்பம் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தால், பார்சலை அவிழ்க்காமல் மடியிலேயே வைத்திருப்பாராம். யார் என்ன கேட்டாலும் ‘ஓம், நல்லம்’ என்ற ஒரே பதில்தான்.

போன கிழமை, அறையில் கூட இருக்கும் மூன்று பேரும் அவரோடு சண்டை பிடித்தார்களாம். விடிய முதல் ஜன்னலைத் திறந்து பனிக்குள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாராம். எங்களை விறைக்க வைத்துக் கொல்லப் போகிறாயா என்று கத்தினார்களாம்.

அன்றைக்கு நான், நித்திரை வருகிறது என்று ஃபோனை வைத்துவிட்டேன். நித்திரை வரவில்லை.

இன்றைக்கு வாப்பாவின் குரல் அடைத்திருந்தது. அந்த நகரத்து ஏரி கரையோரம் உறைந்து கிடக்கிறதாம். அந்த ஆள் நேற்று அதில் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாராம். கரையில் நின்றவர்கள் கத்தியும் திரும்பவில்லை. யூஜினி மிஸ் ஓடிவந்து தமிழில் கூப்பிட்ட பிறகுதான் நின்றாராம்.

 பனிக்கட்டி உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். 

“காலுக்குக் கீழ தண்ணி வேணும் போல இரிந்திச்சாம்” என்றார் வாப்பா.

“அவர் ஏன் ஊருக்கு வராம இரிக்கார்?”

ஏதோ வாகனம் போகும் சத்தத்துக்கு நடுவே வாப்பா சொன்னார்.

“எந்த மொகத்தோட வாற மகள்? அவன்ட ஊட்டாக்கள் அவனப் பத்தி நெனச்சிக்கிட்டிரிக்கிறது வேற.”

பக்கத்துக் கட்டிலில் உம்மா புரண்டு படுத்தார். அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தேன். இன்னொரு நாள் அந்த ஆள் ஏரியில் இறங்கினால், கூப்பிட யூஜினி மிஸ் பக்கத்தில் இருப்பாரா என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப மனசில் வந்தது.

எழும்பி முழங்காலில் நின்றேன். தலைமாட்டு வலைநூலின் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். ஜன்னல் பலகை போய்ச் சுவரில் அடித்தது. வாடைக்காற்று மணலோடு வந்து முகத்தில் விழுந்தது.

அந்த இரைச்சல் ஃபோனுக்குள்ளும் போயிருக்க வேண்டும். என்ன சத்தம் என்று வாப்பா கேட்டார்.

நான் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“வாடைக் காத்து வாப்பா. அந்த ஆள ஊருக்கு வரச் சொல்லுங்க, அவர்ட ஜன்னல நான் தொறந்திட்டன்.”