பொறி விழுகிறது

நிலவறையிலிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது.

வெர்னா கரண்டியை அப்படியே போட்டுவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினாள்.

டெல்மர் மேசையருகே நின்றுகொண்டிருந்தான். உயிரோடுதான். கையில் அந்த நீளத் துப்பாக்கி.

“என்ன சத்தம் அது?”

“பொறி விழுதான்னு பாத்தேன். இங்க வா, நீயும் பாரு.”

விசையை இழுத்தான். துப்பாக்கிச் சுத்தியலின் வாயில் கவ்வியிருந்த சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பாய்ந்தது. அடியிலிருந்த சிறு கிண்ணத்தில் மஞ்சள் பொறிகள் கொட்டின.

டெல்மர் சிரித்தான்.

கணவன் சிரித்துப் பார்த்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. ‘திடீரென்று முகம் தெளிந்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்’ என்று டாக்டர் வெர்னாவைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். சாவதென்று முடிவெடுத்துவிட்டவர்கள் அப்படித்தான் இருப்பார்களாம்.

போன குளிர்காலத்தில் அவர்கள் மகன் வெண்டெல் உறைந்த ஆற்றில் மீன் பிடிக்கப் போனான். “பனி நல்லாக் கெட்டியாத்தான் இருக்கு, தைரியமாப் போ” என்று அனுப்பியவன் டெல்மர்.

பனி தாங்கவில்லை.

வசந்தத்தில் ஒரு நாள், மான் வேட்டைத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அவன் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருப்பதை வெர்னா பார்த்தாள். அன்று மாலையே அவள் அண்ணன் கிளெட்டஸ் வந்து, வீட்டிலிருந்த துப்பாக்கிகளையெல்லாம் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனான். டெல்மர் தடுக்கவில்லை. கடைசித் துப்பாக்கியை அவனே தூக்கி வந்து கொடுத்தான்.

இலையுதிர் காலத்தில் டெல்மர் வரவழைத்த ஒரு நீளப் பெட்டி தபாலில் வந்தது. உள்ளே ஒரு மேப்பிள் கட்டை, ஓர் இரும்புக் குழாய், பொறி தட்டும் விசைப் பூட்டு ஒன்று, கொஞ்சம் திருகாணிகள், பித்தளைத் துண்டுகள். குழாயின் வாய்வழியே வெடிமருந்து இடும் அந்தக் காலத்துத் துப்பாக்கி, எல்லாம் தனித்தனியாக. வீட்டிலேயே இழைத்து, பொருத்திக்கொள்ள வேண்டியது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் இப்படிப்பட்ட துப்பாக்கிகளுக்கு மட்டுமேயான மான் வேட்டைக் காலம் வரும். பென்சில்வேனியாவில் பாதி வீடுகளில் ஒன்று இருக்கும்.

வெர்னா அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தாள்.

“கட்டையும் இரும்பும்தானே? மனுஷன் கைக்கு ஒரு வேலை வேணும். விடு” என்றான் கிளெட்டஸ்.

விட்டாள். கட்டை நாளுக்கு நாள் மெலிந்தது. பூட்டு மரத்துக்குள் மயிரிழை இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தது. அமிலம் பூசி அவன் சூடு காட்டியபோது, வெளிறிக் கிடந்த மரம் சட்டென்று சிவந்து, புலிவரிகள் எழும்பி வந்தன. அவளே ஒரு நிமிடம் மலைத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

எந்த நாளில் அது துப்பாக்கி ஆனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆகிவிட்டது. வெடிமருந்து வாங்கவா ஊரில் கடை இல்லை?

“டெல்மர், மேல அடுப்புல சூப்பு இருக்கு. பொங்கிடும். போய்ப் பாரேன்.”

“விட்டுட்டு ஓடி வந்தது நீ. பாக்க வேண்டியது நானா? நல்ல நியாயம்!” என்றான். ஆனாலும் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு படியேறினான்.

அவன் காலடி சமையலறைக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்தாள். பிறகு துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

அவள் அப்பாவும் இதே மாதிரி ஒன்று வைத்திருந்தார். இதைக் கெடுக்கும் விதம் அவளுக்குத் தெரியும். பொறி கிண்ணத்தில் விழுந்தால் மட்டும் போதாது. கிண்ணத்தை ஒட்டிக் குழாயின் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதன் வழியாகத்தான் நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பிடிக்கும். அதை அடைத்துவிட்டால் போதும்.

தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். துளையில் செருகி, முறித்து, உள்ளேயே விட்டுவிட வேண்டும்.

ஊசி வழுக்கியது.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். மறுபடி வழுக்கியது. விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தாள். கட்டைவிரலால் தடவினாள்.

வழவழவென்று இரும்பு. துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

“அத மட்டும் நான் போடல.”

டெல்மர் படியில் நின்றுகொண்டிருந்தான். எப்போது இறங்கி வந்தானோ தெரியவில்லை.

ஊசியை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. “மறந்துட்டியா?” என்றாள்.

அவன் இல்லையென்று தலையசைத்தான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிலேயே உட்கார்ந்தான்.

“இன்னும் என்னை நானே நம்பல, வெர்னா.”