ரேடியோவைக் கடித்த மாமியார்

செல்லம்மாள் ரேடியோவைக் கடித்தாள்.

அவள் மகன் கன்னியப்பன் அதை உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் வரை பஸ்ஸில், பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக் கொண்டுவந்து, அப்போதுதான் பாட வைத்திருந்தான். தேக்குப் பெட்டி என்று தட்டிக் காட்டினான்.

அவளுக்கு எதையும் கடித்துப் பார்த்தால்தான் நம்பிக்கை. களத்தில் நெல் காய்ந்ததா இல்லையா என்று பல்லில் போட்டுத்தான் சொல்வாள். காதில் சீழ் வடிந்து, காது செத்துப் பல வருஷம் ஆகிறது. பல்லில் மட்டும் ஒன்றுகூட ஆடவில்லை.

பெட்டியின் மூலையைக் கடித்தவள் அப்படியே நின்றாள். கண் இரண்டும் வட்டமாயின.

"டே கன்னியப்பா! உள்ள எவனோ மோளம் அடிக்கிறான்டா!"

வாயை எடுத்தாள். இல்லை. கடித்தாள். இருந்தது.

"சத்தம் ஏறிக்கினு போவ எதுனா ஒண்ணு வேணும்னு எட்டாவதுல சொல்லிக் குடுத்தாங்க" என்றான் கன்னியப்பன். "காத்துல வந்தா அம்மா காது தடுக்குது. கட்டையில ஏறி வந்தா பல்லு வழியா நேரா மண்டைக்குள்ள போவுது. பாரு செங்கேணி!"

அடுப்படி வாசலில் நின்ற அவன் மனைவி செங்கேணி பார்த்தாள்.

வாழ வந்த நாளிலிருந்து, புருஷன் இல்லாத நேரமாகப் பார்த்து, மாமியாருக்குச் சோறு போடும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டுவாள். முகம் நிறையச் சிரித்துக்கொண்டுதான். செல்லம்மாளும் சிரித்துக்கொண்டே, "நீயும் அப்படியே இரும்மா" என்பாள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள், மாமியார் மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

செல்லம்மாள் வீட்டையே கடிக்கத் தொடங்கினாள். தூணைக் கடித்துக்கொண்டு மகனைத் தட்டச் சொன்னாள். கழுத்துமணி கேட்கிறதா என்று மாட்டுக் கொம்பைக் கடிக்கப் போனவளை இழுத்துப் பிடிப்பதற்குள் கன்னியப்பனுக்கு வேட்டி அவிழ்ந்துவிட்டது.

பிறகு அடுப்படிக்குள் போய், களி கிண்டும் துடுப்பை எடுத்தாள். ஒரு முனையைப் பல்லில் கவ்வி, மறுமுனையைச் செங்கேணியின் தொண்டையில் வைத்து அழுத்தினாள். பேசு என்று கையை ஆட்டினாள்.

கன்னியப்பன் பெருமையாக வந்து பக்கத்தில் நின்றான். ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டான்.

"சாப்புட வாங்க அத்தே" என்றாள் செங்கேணி.

செல்லம்மாள் துடுப்பை வாயிலிருந்து எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. மருமகளின் குரலை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள்.

"தேனாட்டம் கீதும்மா. ஆனா இது இல்ல. தெனம் சோறு போடறப்ப சிரிச்சிக்கினே நீளமா ஒண்ணு சொல்லுவியே, அத்தச் சொல்லு."

செங்கேணி அடுப்பில் விறகைத் தள்ளக் குனிந்தாள்.

"சொல்லேன், ஆசையா கேக்கறாங்க இல்ல?" என்றான் கன்னியப்பன்.

"வெக்கப்படுது பாவம்" என்றாள் செல்லம்மாள். "'இந்தக் கெயவிக்கு'ன்னு ஆரம்பி. மீதி தானா வரும்."

துடுப்பை மறுபடியும் பல்லில் கவ்விக்கொண்டாள்.