மேற்கோள்: பூஜ்யம்

"முப்பது வருஷத்துல பதினோரு கட்டுரை! இதுக்கு ஒரு ஆய்வுக்கூடம், நாலு பேருக்குச் சம்பளம்!"

ஜுமாஷெவ் பட்டியலை மேசைமேல் போட்டார். அமைச்சகம் அனுப்பிய தணிக்கைக் குழுவின் தலைவர் அவர். அவர் பெயரில் நூற்று நாற்பது கட்டுரைகள் உண்டு. வேலை செய்தவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மேலதிகாரி பெயர் ஏறி உட்காருவது கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் யாருக்கும் புதிதல்ல.

எதிரே ஆய்வுக்கூடத் தலைவி சைக்கால். வயது ஐம்பத்தெட்டு. நரம்பு மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது அவர் வேலை. இன்று தலைவர் கையெழுத்துப் போட்டால் கூடத்துக்குப் பூட்டு. அவரும் மூன்று உதவியாளர்களும் தெருவில்.

"இந்த ஏழாவதைப் பாருங்க. தொண்ணூத்தி ஆறுல வந்தது. இதுவரைக்கும் உலகத்துல ஒருத்தன்கூட இதை மேற்கோள் காட்டலை. எழுதிக்கோ மேதேர். பூஜ்யம்."

குழுவுக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த இளைஞன் மேதேர் தலை நிமிர்ந்தான்.

"தலைப்பையாவது படிக்கலாமே, அகாய்?"

"தலைப்பு எதுக்குடா? எண்ணு பேசும்." சைக்கால் பக்கம் திரும்பினார். "ஏன் எஜே, கிர்கிஸ்ல போய் எழுதினீங்களே, இங்கிலீஷ்ல எழுத வராதா?"

"வரும். படிக்க வேண்டியவங்களுக்கு இங்கிலீஷ் வராது."

"யாரு அந்த மேதாவிங்க? ஆடு மேய்க்கறவங்களா?"

"அவங்களுக்கு மாத்திரை கொடுக்கறவங்க."

ஜுமாஷெவ் விழுந்து விழுந்து சிரித்தார். குழுவின் மற்ற இருவரும் கொஞ்சம் தாமதமாக, ஆனால் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

மேதேருக்கு ஆவல் அடங்கவில்லை. கோப்புக்குள் கையை விட்டு ஏழாவது கட்டுரையை உருவினான். பழுப்பேறிய நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தின் படம், அதன் குறுக்கே தடித்த கோடு. நரம்பு மருந்துக் கட்டுரையில் கிண்ணத்துக்கு என்ன வேலை?

முன்பக்கத்தைத் திருப்புவதற்குள் கதவு திறந்தது. உதவியாளர் ஜில்தீஸ் தட்டில் குமிஸ் கொண்டுவந்தாள். இந்தக் கோடையின் முதல் குதிரைப் பால், மூக்கில் ஏறும்படி புளித்து, லேசான போதையும் ஏறியிருந்தது. முதல் குமிஸை எதிரி நீட்டினால்கூட யாரும் மறுப்பதில்லை.

ஜுமாஷெவ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

ஜில்தீஸின் முகம் வாடிவிட்டது. "எங்க கூடத்தை மூடறதுன்னா மூடுங்க அகாய். அதுக்காக எங்க கையால ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாதா?"

"அட, அதெல்லாம் இல்லைம்மா!" ஜுமாஷெவ் பதறினார். "குமிஸ்னா எனக்கு உயிரு. ஒன்பது வருஷமா வலிப்பு மாத்திரை சாப்பிடறேன். அதோட இதைக் குடிச்சா, படுத்தவன் எழுந்திருக்க மாட்டான்."

"அப்படின்னு யார் அகாய் சொன்னது?" என்றான் மேதேர்.

"யாரு சொல்லணும்? எங்க நாரின் மலையில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லா ஆஸ்பத்திரிச் சுவத்துலயும் ஒட்டியிருக்கே! ஒரு கிண்ணம், குறுக்கே ஒரு கோடு. எங்கம்மா காலத்துல கோடை வந்தா நாலு பேர் இப்படித்தான் தூக்கத்துலயே போவாங்க. இப்போ ஒருத்தரும் போறதில்லை."

சைக்கால் குமிஸ் கிண்ணத்தை எடுத்துவிட்டு, தன் தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மேதேர் கட்டுரையின் முன்பக்கத்தைத் திருப்பினான். 'வலிப்பு மாத்திரையுடன் குமிஸ்: உயிருக்கு ஆபத்து.' எழுதியவர், சைக்கால் ஒஸ்மோனோவா. வேறு பெயர் எதுவும் இல்லை.

அவன் பதிவேட்டை இழுத்தான். பூஜ்யத்தை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினான்.

ஜுமாஷெவ் எட்டிப் பார்த்தார். "என்னடா திருத்தற? யாரு மேற்கோள் காட்டினது?"

"நீங்கதான் அகாய், இப்போ. வழக்கம்போல எழுதினவங்க பேரை மட்டும் விட்டுட்டீங்க."