தாவும் தையல்

பழைய தையல் இயந்திரங்களைச் சேகரித்துப் புதுப்பித்து வைத்திருந்த அருளப்பனுக்கு ஒரே ஒரு குறை: அவற்றுள் மிக அரிய ஒன்றில், அடிநூலைச் சுமந்து ஓடும் ‘படகு’ என்ற சிறு உலோகப் பாகத்தின் முனை தேய்ந்திருந்தது. அதே வகைக் கைமெஷினில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்துவந்த செசிலியின் வீட்டுக்கு அவர் வலியச் சென்று, அன்போடு எண்ணெயிட்டுத் துடைத்துக் கொடுத்தார். அவள் காப்பி போட உள்ளே போனபோது, தேய்ந்த படகை அதில் வைத்துவிட்டு நல்லதை எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் அவள் மெஷினைச் சுமந்துகொண்டு வந்து நின்றாள்.

“தையல் தாவுது, சார். நடுநடுவே விட்டுப்போகுது.”

“ஊசியைப் புறம் மாத்தி மாட்டியிருக்கீங்கக்கா.”

“நாலு தடவை கழத்தி மாட்டினேனே!”

“நாலு தடவையும் தப்பா மாட்டியிருப்பீங்க. கோவிச்சுக்காதீங்க, உங்க கண்ணு போயிடுச்சு. மெஷின் இங்கயே இருக்கட்டும், நான் பத்திரமா வச்சுக்கறேன்.”

“அப்ப இனிமே மருமக போடுற சோறுதானா?”

செசிலி மெஷினை அவர் மேசைமேல் இறக்கி வைத்தாள். பிறகு, “உங்க சட்டைப் பொத்தான் தொங்குது, சார்” என்று பையிலிருந்து ஓர் ஊசியை எடுத்தாள். ஒரே முயற்சியில் நூலைக் கோத்து, அவருடைய மார்பருகே குனிந்தாள்.

“பாத்துங்கக்கா” என்றார் அருளப்பன், அசையாமல். “கண்ணு தெரியாம குத்திடாதீங்க.”