அம்மாவுக்குப் பசியாறல்

பெற்றவள் வருகிறாள் என்பதற்காகவே சந்திரமதி விடியுமுன் எழுந்து இடியப்பம் பிழிந்தாள். தேங்காய்ப்பாலைக் கெட்டியாக எடுத்துவைத்தாள். குலா மலாக்கா வெல்லத்தை உடைத்துப் போட்டுப் பாகு காய்ச்சினாள். நெத்திலிச் சம்பல் வாசனை அடுப்படியைத் தாண்டி காஜா பேராங் சந்து முழுக்கப் பரவியது.

பின்னடுப்பில், மூடிவைத்த சட்டியில் வேறொன்று வெந்துகொண்டிருந்தது. அதைத் திறந்து பார்க்க வந்த வளர்ப்புத்தாய் ருக்மணியை, "நீங்க போய் உக்காருங்கம்மா" என்று அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் சந்திரமதிக்குக் கலியாணம். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த கண்ணம்மாவுக்கு ஆள் விட்டவள் ருக்மணிதான். பெற்றவள் உயிரோடு இருக்கையில் அவள் ஆசீர்வாதம் இல்லாமல் தாலி ஏறக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். சந்திரமதி மறுக்கவில்லை. வந்து பசியாறிவிட்டுப் போகட்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்ட கதை ஒன்றுதான். ஜப்பான்காரன் காலத்தில் அரை மூட்டை அரிசிக்கு அவளை இந்த வீட்டில் விற்றுவிட்டுப் போனவள் கண்ணம்மா. அப்போது அவளுக்கு வயது நாலு. பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடியதும், அந்த முதுகு ஒரு தரம்கூடத் திரும்பாமல் போனதும் நினைவிருந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை 'அரை மூட்டை' என்றே கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வீடு வரும்போதெல்லாம் ருக்மணி மடியில் போட்டுக்கொள்வாள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவளும் புருஷனும் கிழங்கைத் தின்றுவிட்டு, சிறுமியின் தட்டில் மட்டும் சோறு போட்டு வளர்த்தார்கள். ஊரில் ஒரு வீட்டிலும் அரிசி இல்லாத காலம் அது. அந்தச் சோற்றுக்கு ஈடாக எதைச் செய்தாலும் போதாது என்றுதான் சந்திரமதி நினைத்திருந்தாள்.

கண்ணம்மா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தாள். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த வாசலில் சற்று நின்று, வரச் சொன்ன பிறகே உள்ளே நுழைந்தாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சந்திரமதி இடியப்பத் தட்டோடு வருவதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இம்புட்டும் எனக்காவா, தாயி?"

"அம்மாவுக்கு."

சந்திரமதி தட்டை ருக்மணியின் முன்னால் வைத்தாள். பாலை ஊற்றினாள். பாகை ஊற்றினாள். பிறகு பின்னடுப்புச் சட்டியை எடுத்துவந்து, அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கண்ணம்மாவின் தட்டில் கவிழ்த்தாள். பக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பு.

"ஜப்பான்காரன் காலத்துல ஊரே தின்னது. நீங்க தின்னிருக்க மாட்டீங்க. ஒங்களுக்குத்தான் அரிசி கெடச்சுதே."

ருக்மணியின் கை இடியப்பத்தின்மேல் அப்படியே நின்றது.

கண்ணம்மா கிழங்கைப் பிட்டு உப்பில் தொட்டுத் தின்னத் தொடங்கினாள். அழுவாள், கெஞ்சுவாள், சாக்குச் சொல்வாள் என்று சந்திரமதி எதிர்பார்த்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை வருஷக்கணக்காகத் தீட்டி வைத்திருந்தாள். எதற்கும் வேலை இல்லாமல் போனது. அந்தக் கோபத்தில் ருக்மணியின் பக்கம் திரும்பி, "சாப்பிடுங்கம்மா, நீங்க போட்ட சோத்துக்கு இதெல்லாம் ஒரு கணக்கா" என்றாள், இன்னொருத்திக்குக் கேட்கும்படி.

கண்ணம்மா தட்டை மிச்சம் வைக்காமல் தின்றாள். தானே எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"நல்லா வெந்திருந்துச்சு. கலியாணத்தன்னிக்கு ஒரு ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிர்றேன் தாயி. யாருன்னு சொல்ல வேணாம்."

"எங்கம்மா மேடையில இருப்பாங்க. ஓரத்துல யாரும் வேணாம்."

கண்ணம்மா தலையாட்டினாள். ருக்மணியை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வியும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பழைய முதுகு அதே மாதிரி போவதைச் சந்திரமதி ஆசை தீரப் பார்த்தாள். இந்தத் தடவை துரத்தியது அவள்.

பின்னால் தட்டு நகரும் சத்தம் கேட்டது. ருக்மணி எழுந்து ஓடிப்போய்க் கண்ணம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பால் பாயெல்லாம் கொட்டிக் கிடந்தது.

ஜப்பான் சண்டை முடிந்து கண்ணம்மா திரும்பி வந்து இதே வாசலில் நின்றாளாம். காலில் விழுந்து, பிள்ளையை எனக்கே விட்டுவிடு என்று கேட்டது தான்தான் என்றாள் ருக்மணி. வளர்ந்தபின் மகள் தேடிப் போய்விடக் கூடாதென்று கதை கட்டியதும் தான்தான் என்றாள்.

சந்திரமதி அவர்கள் அருகே வந்தாள்.

"அப்ப நீங்க குடுத்த அரிசி?"

"எங்கிட்ட ஏதுடி அரிசி? போனவங்க திரும்பாத சயாம் ரயில் பாத வேலைக்கு ஆள் பிடிச்சவன் இவளுக்குக் குடுத்தான். அம்புட்டையும் ஒனக்குன்னு இங்க எறக்கி வச்சுட்டு லாரி ஏறிப் போனா."

ருக்மணி கண்ணம்மாவின் கையை விடவில்லை.

"இவ வித்தது ஒன்ன இல்லடி, தன்ன."