பத்துப் பேர் வேண்டும்

பத்துக் கோடுகளையும் பேராசிரியர் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார்.

அவருடைய ஆய்வு மாணவியான அவள் பின்னால் நின்றிருந்தாள்.

மேசைமேல் கிடந்தது அந்தப் பட்டை. தபால்தலை அளவுதான் இருக்கும். அறைச் சூட்டிலேயே திரவமாக நிற்கும் ஒருவகை உப்பைப் பாலிமரோடு கலந்து, த்ரீடி பிரிண்டரில் அடுக்கடுக்காக இழைத்து அவள் செய்தது. எத்தனை நாள் வைத்தாலும் காயாது. விரல் பட்டால் உள்ளே அயனிகள் நகரும், திரையில் கோடு எழும். செயற்கைக் கைக்குத் தோலாகப் போகிறது.

பத்துப் பேரைத் தொடவைத்து எடுத்த அளவீடு வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.

பத்துப் பேருக்கு அவள் எங்கே போவாள்?

கேட்கப் போகாமல் இல்லை. பக்கத்து ஆய்வகத்தின் வாசல்வரை போனாள். உள்ளே யாருக்கோ பிறந்தநாள், ஒரே சிரிப்பு. கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. யாரும் அவளை விரட்டியதில்லை. கூப்பிட்டதும் இல்லை.

வந்தவள் தன் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினாள். பத்துப் பேர் ஆயிற்று. கில்லாடிதான்.

"பிரமாதம்மா. நாடித்துடிப்பக்கூடப் பிடிச்சிருக்கே!" என்றார் பேராசிரியர், திரையைப் பார்த்தபடி.

கோட்டின்மேல் இருந்த சிற்றலைகளை அவள் மின்சார இரைச்சல் என்றல்லவா நினைத்திருந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆனா இங்க பாரு. நாலஞ்சு துடிப்புக்கு ஒரு தடவ ஒண்ணு தவறுது. அது எப்படிம்மா, பத்துப் பேருக்கும் தவறும்?"

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பக்கத்துல அத்தன பேர் இருக்காங்களேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வெட்கத்தில் காது சுட்டது. பத்தையும் அழித்தாள்.

பட்டையையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். இந்தத் தடவை கதவைத் தட்டிவிட்டாள்.

திறந்தது, தினமும் தாழ்வாரத்தில் எதிர்ப்படும் பெண். பெயர் தெரியாது.

"இதுமேல விரல வெக்கணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"அவ்ளோதானா? குடுங்க."

கோடு எழுந்தது. அதன்மேல் அலைகள். ஒன்றுகூடத் தவறாமல், நிதானமாக.

பத்து நொடி இருந்தால் போதும். பத்து நொடி எப்போதோ கடந்துவிட்டது.

அந்தப் பெண் விரலை எடுக்காமல் அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

போதும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.